பலகைக்கு அந்தப் பக்கம்

வேலை முடிந்து வந்து, சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, பாய்கூட விரிக்காமல் சிமெண்டுத் தரையில் மல்லாந்து படுத்து, முதல் புகையை நெஞ்சு நிறைய இழுத்து நிறுத்தி வைத்திருந்த வேளையில்தான் வீரனுக்கு இருமல் வந்தது. அடக்கிப் பார்த்தான். முடியவில்லை. கண்ணில் தண்ணீர் முட்ட, விலா நோக இருமி, கடைசியில் தொண்டையைச் செருமி ஓய்ந்தான். வெயிலில் காய்ந்த தகரக் கூரை டக் டக்கென்று நெட்டி முறித்துக்கொண்டிருந்தது. அந்தச் சத்தத்துக்கு நடுவே, பலகைச் சுவருக்கு அந்தப் பக்கம் யாரோ இருமினார்கள்.

அதே இருமல். அதே இழுப்பு. கடைசியில் அதே செருமல்.

எதிரொலி என்றுதான் முதலில் நினைத்தான். ஆனால் எதிரொலி இவ்வளவு நேரம் காத்திருந்தா வரும்?

பக்கத்து வீட்டில் ஆள் கிடையாது. பக்கத்து வீட்டில் மட்டுமல்ல, அந்த லயத்திலேயே அவனைத் தவிர யாரும் இல்லை. கோலா சிலாங்கூரிலிருந்து வடக்கே போகும் பெரிய ரோட்டோரம் தோட்டக் கம்பெனி புதிதாகக் கல்வீடுகள் கட்டிக் கொடுத்ததும், ரப்பர்ப் பால்மரக் காலத்திலிருந்தே லயத்தில் குடியிருந்த ஜனமெல்லாம் பாத்திரம் பண்டத்தோடு லோரி ஏறிவிட்டது. வீரனுக்கும் ஒரு வீடு ஒதுக்கியிருந்தார்கள். நாளைக்கு, நாளைக்கு என்று தள்ளிக்கொண்டே இருந்தான். புது வீட்டில் சுவருக்குச் சுவர் ஆள். புகை வாசனை கிளம்பினால் போலீஸ்வரை போகும். அது ஒரு காரணம். இன்னொன்றை அவன் யாரிடமும் சொன்னதில்லை. பொண்டாட்டி பிள்ளையோடு குடிபோக வேண்டிய வீட்டில், தான் மட்டும் ஒரு பாயைச் சுருட்டிக்கொண்டு போய் நிற்க அவனுக்கு மனசு வரவில்லை.

லயம் என்றால் ஒரே நீளக் கூரை; நடுவில் நடுவில் பலகை வைத்துத் தடுத்த வீடுகள். தடுப்புப் பலகை கூரைவரை போகாது. மேலே கையை விட்டுத் துழாவும் அளவுக்குச் சந்து இருக்கும். முன்பெல்லாம் அந்தச் சந்து வழியாகத்தான் அடுத்த வீட்டு இராஜம்மாவின் கருவாட்டு வாசம் இறங்கி வரும். அவள் புருஷனோடு போடும் சண்டை வரும். ரேடியோப் பாட்டு வரும். இப்போது வீரன் விடுகிற புகை மட்டும் மெதுவாக ஏறி, சந்தில் நுழைந்து, அந்தப் பக்கம் போய்க்கொண்டிருந்தது.

கஞ்சாப் பழக்கம் தோள்வலியில் ஆரம்பித்தது. எண்ணெய் எடுக்கிற செம்பனைக் குலை அறுக்கும்போது ஒரு குலை நழுவித் தோளில் விழுந்துவிட்டது. தைலம் தேய்த்தும் தூங்க முடியாமல் தவித்தவனிடம், பழம் ஏற்றும் லோரி ஓட்டுகிற சேது, சிகரெட் தாளில் சுற்றிய ஒன்றைக் கொடுத்து, "இழுத்துப் பாருலா, அப்புறம் சொல்லு" என்றான். இழுத்தான். வலி போகவில்லை; ஆனால் எட்டத்துக்குப் போய் உட்கார்ந்துகொண்டது. அன்றைக்குப் பெய்த மழையில் தகரத்தின்மேல் விழுந்த ஒவ்வொரு துளியும் தனித்தனியாகக் காதில் விழுந்தது. பழைய சோற்றில் சோயா கிச்சாப் ஊற்றித் தின்றான். கல்யாணச் சாப்பாடு மாதிரி இருந்தது. மகள் தங்கமணி மூக்கைச் சுருக்கியதைப் பார்த்து, வயிறு வலிக்கும்வரை சிரித்தான்.

சிரிப்பு சில மாதம்தான் இருந்தது. அப்புறம் வாய் மரப்பட்டை போலக் காய்ந்தது. கண் எந்நேரமும் சிவந்து கிடந்தது. சும்மா படுத்திருக்கும்போதே நெஞ்சு யாரோ துரத்துகிற மாதிரி அடித்துக்கொள்ளும். பேச ஆரம்பித்த பேச்சு பாதியில் நின்றுவிடும். எதைச் சொல்ல வந்தோம் என்று தேடினால் கிடைக்காது. குழாயடிக்குப் போய் வாளியோடு நிற்பான், எதற்கு வந்தோம் என்று தெரியாமல். நேரம்தான் ரொம்ப மோசம். கொஞ்ச நேரம் என்று நினைப்பான். நிமிர்ந்து பார்த்தால் வெயில் வேறு சுவருக்குப் போயிருக்கும்.

அப்படி ஒரு மத்தியானம், பொண்டாட்டி அம்சவள்ளி துணி துவைக்கப் போனபோது குழந்தையைப் பார்த்துக்கொள்ளச் சொன்னாள். பார்த்துக்கொண்டுதான் இருந்தான். குழந்தை வாசலில் கொட்டாங்குச்சி வைத்து விளையாடுவதைப் பார்த்துக்கொண்டே இருந்ததாகத்தான் அவனுக்கு நினைவு. அம்சவள்ளியின் அலறல் கேட்டு எழுந்து ஓடினால், லயத்துக்குப் பின்னால் உள்ள பெரிய வாய்க்காலின் விளிம்பில், கரிய தண்ணீரில் காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்திருந்தது பிள்ளை. பாவாடை இடுப்புவரை நனைந்திருந்தது.

அம்சவள்ளி சண்டை போடவில்லை. துணியை மடித்துப் பையில் வைத்தாள்.

"நான் ரவாங்ல அண்ணன் வீட்டுல இருக்கேன். இப்பிடி இருக்கிற ஆளுகிட்ட எம்புள்ளைய விட முடியாதுங்க. நீங்க இத விட்டுட்டா நானே வரேன்."

அவள் போனபிறகு அவன் விடவில்லை. இன்னும் கூடிப்போனது.

இருமலுக்குப் பிறகு மற்றச் சத்தங்கள் வந்தன. அவன் தட்டைக் கழுவி வைத்தால், சற்றுப் பொறுத்து அந்தப் பக்கம் ஒரு தட்டு சிமெண்டில் உரசும். பாயை உதறினால் அங்கேயும் ஒரு பாய் உதறும். ஒருநாள் அவன் புகைக்கவே ஆரம்பிக்கவில்லை, தீப்பெட்டியைத் தேடிக்கொண்டிருந்தான். அப்போது மேலே சந்து வழியாக, வெள்ளையாய், மெலிசாய், புகை ஒன்று அவன் வீட்டுக்குள் இறங்கி வந்தது. பச்சைத் தழை கருகுகிற அதே வாசனை.

வெளியே ஓடிப்போய்ப் பார்த்தான். பக்கத்து வீட்டுக் கதவில் ஆபீஸ் போட்ட பூட்டு துருவேறித் தொங்கியது. நிலைக்கும் கதவுக்கும் நடுவே சிலந்தி கட்டியிருந்த வலை கிழியாமல் இருந்தது. ஜன்னல் இடுக்கில் கண்ணை வைத்தான். வெறும் தரை. வௌவால் எச்சம். கரையான் ஏறிய கோடு. ஆலைப் பக்கமிருந்து காற்று வீசியது. செம்பனை வேகிற புளித்த இனிப்பு வாசம் வந்தது. செம்பனைகள் வரிசை வரிசையாக, எந்தப் பக்கம் பார்த்தாலும் ஒரே மாதிரி, ஒரு சத்தமும் இல்லாமல் நின்றுகொண்டிருந்தன. யாரையாவது கூப்பிடலாம் என்று வாயைத் திறந்தான். கூப்பிட ஒரு பெயரும் வரவில்லை.

மறுநாள் தோட்ட ஆஸ்பத்திரிக்குப் போனான். டிரெசர் நாராயணசாமி அவன் கண் இமையை விரலால் இழுத்துப் பார்த்தார். கேட்காமலே அவருக்குத் தெரிந்தது.

"எத்தன நாளா?"

"ரொம்ப நாளாங்கய்யா."

"சத்தம் கேக்குதா? ஆளு நிக்கிற மாதிரி தெரியுதா?"

வீரன் தலையாட்டினான்.

"சில பேருக்கு அப்பிடித்தான் ஆவும். அது ஒம் மண்டைக்குள்ள கேக்கிற சத்தம்பா, வெளிய ஒண்ணும் இல்ல. விட்டுரு. கொஞ்ச நாளைக்குத் தூக்கம் வராது, கோவம் வரும், கெட்ட கனவா வரும். தாங்கிக்க. போவப் போவக் கொறையும். கொறையலன்னா வா, கிள்ளான் பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதித் தரேன்." வெளியே ஒரு குழந்தை அழுதது. அவர் எழுந்துவிட்டார். போகும்போது, "தனியா இருக்காத" என்றார்.

வீரன் வீட்டுக்கு வந்து, மிச்சமிருந்த பொட்டலத்தை வாய்க்காலில் கொட்டினான்.

டிரெசர் சொன்னதெல்லாம் நடந்தது. உடம்பு சில்லென்று வேர்த்தது. சோற்றைப் பார்த்தால் குமட்டியது. கண்ணை மூடினால் அம்சவள்ளி வாய்க்காலுக்குள் நின்று துணி துவைத்தாள். துவைக்கிற துணிக்குள் ஏதோ அசைந்தது. விழித்துக்கொண்டால் விடியும்வரை கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்தான். ஆனால் அவர் சொன்னதில் ஒன்று மட்டும் நடக்கவில்லை. சத்தம் குறையவில்லை. தெளிந்தது.

முன்பு அவன் செய்ததைத்தான் அந்தப் பக்கம் செய்தது. இப்போது அது தனக்கென்று ஒரு வாழ்க்கை வைத்துக்கொண்டது. அவன் பட்டினி கிடக்கும் வேளையில் அங்கே வெங்காயம் வதங்கியது. காலையில் அவன் எழ முடியாமல் கிடக்கும்போது அங்கே யாரோ பல் துலக்கினார்கள். தண்ணீரை மொண்டு மொண்டு ஊற்றிக் குளித்தார்கள். குளித்தபின் மெல்லச் சீட்டியடித்தார்கள். இருமல் நின்றே போய்விட்டது. அவனுக்கு மிகவும் பயமாக இருந்தது வேறொன்று. அவன் கண் எரிய விழித்துக் கிடக்கும்போது, பலகைக்கு அந்தப் பக்கம் ஒரு ஆள் ஆழமாக, நிம்மதியாகத் தூங்கினான். நீளக் குறட்டை. முடியும் இடத்தில் ஒரு சின்ன விசில். கல்யாணமான புதிதில் அம்சவள்ளி அவனைக் கேலி செய்து சிரிப்பாளே, அந்த விசில்.

ஒரு சாயங்காலம் தனிமை தாங்காமல், பலகையில் வாயை வைத்து, "யாருண்ணே?" என்று கேட்டான்.

அந்தப் பக்கம் சீட்டி நின்றது. காலடி ஒன்று பலகைவரை வந்தது. நின்றது. மூச்சு கேட்டது. அதன்பிறகு, கேட்ட மாதிரியே காட்டிக்கொள்ளாமல், அந்த ஆள் விலகிப்போய் அடுப்பை ஊதினான்.

அந்த வாரம்தான் இராஜம்மா வந்தாள். பழைய வீட்டுக் கொல்லையில் விட்டுப்போன கருவேப்பிலைக் கன்றைத் தோண்டிக்கொண்டு போக வந்தவள், வீரனைப் பார்த்து மண்வெட்டியைக் கீழே வைத்தாள்.

"என்ன தம்பி இப்பிடிக் கரைஞ்சிட்ட! ரவாங்ல ஒரு கல்யாணத்துக்குப் போனேன்பா. ஒம் பொண்டாட்டியப் பாத்தேன். தம்பி அதையெல்லாம் விட்டுருச்சாம், டிரெசரு சொன்னாருன்னு சொன்னேன். அழுதுட்டா. ஞாயித்துக்கெழம புள்ளையக் கூட்டிட்டு வரேன்னு சொல்லச் சொன்னா."

வீரன் அங்கேயே குந்தி, முகத்தைக் கையில் பொத்திக்கொண்டான். இராஜம்மா அவன் தலையைத் தொட்டுவிட்டு, கன்றைத் தோண்டப் போனாள். அவள் வெட்டிக்கொண்டிருந்தபோது பக்கத்து வீட்டுக்குள் வாளி உருண்டது. அவன் திடுக்கிட்டு அவளைப் பார்த்தான். அவள் நிமிரவே இல்லை.

சனிக்கிழமை வீட்டைக் கூட்டினான். கரி பிடித்த சட்டியைச் சாம்பல் போட்டுத் தேய்த்தான். மேசையைக் கழுவி, வெயிலில் காயவைத்து, உள்ளே கொண்டுவந்து போட்டான். சாயங்காலம் சேதுவின் லோரி மண்பாதையில் வந்து நின்றது. சேது இறங்கவில்லை, ஜன்னல் வழியாகத் தாளில் சுற்றிய ஒன்றே ஒன்றை நீட்டினான்.

"வேணாம்லா. விட்டுட்டேன்."

"தெரியும்டா. இராஜம்மா எல்லாம் சொல்லிச்சு. ஒம் மொகரையப் பாரு, பேயடிச்ச மாதிரி இருக்கு. இந்த மொகத்தோடயா நாளைக்குப் பொண்டாட்டி முன்னால நிப்ப? இன்னிக்கி ஒருவாட்டி நல்லாத் தூங்கு. அதோட சரி."

தூங்க வேண்டும். அது மட்டும்தான் அவனுக்கு வேண்டியிருந்தது. அவள் வரும்போது தெளிவான முகத்தோடு வாசலில் நிற்க வேண்டும்.

லோரி போனபிறகு பற்றவைத்தான். இந்த முறை இருமல் வரவில்லை. புகை எழுந்தது, சந்துவரை போனது, அங்கே எதிலோ முட்டிக்கொண்டது போல நின்று, திரும்பி அவன்மேலேயே இறங்கியது. அந்தப் பக்கம் யாரோ மெதுவாக எழுந்து உட்கார்ந்தார்கள். பாய் சரசரத்தது. அதன்பிறகு அவன் தூங்கிப்போனான்.

விழித்தபோது வெளிச்சம் மஞ்சளாக இருந்தது. காலை என்று நினைத்தான். வாசலுக்கு வந்து பார்த்தால், மேற்கே கடல் பக்கமிருந்து மழை கறுத்து வந்துகொண்டிருந்தது. சாயங்காலம். ஞாயிற்றுக்கிழமை முழுவதும் அவனைத் தாண்டிப் போய்விட்டிருந்தது. நாக்கு மேல்வாயோடு ஒட்டியிருந்தது. நெஞ்சு அடித்துக்கொண்டது.

பாதையில் அவர்கள் வந்துகொண்டிருந்தார்கள்.

செம்பனைகளுக்கு நடுவே, கையில் பையோடு அம்சவள்ளி. அவள் விரலைப் பிடித்துக்கொண்டு, சிவப்புக் கவுனில் தங்கமணி. பிள்ளை வளர்ந்திருந்தாள். வீரன் கையை உயர்த்தினான். "தங்கம்!" என்றான். குரல் வறட்டுக் குரலாக வந்தது. பிள்ளை நிமிர்ந்து அவன் இருந்த பக்கம் பார்த்தாள். அவனுக்குப் பின்னால் இருந்த மரத்தைப் பார்ப்பது போலப் பார்த்தாள். அம்சவள்ளி சிரித்தாள். தலைமுடியை ஒதுக்கிக்கொண்டாள். நடையை எட்டிப் போட்டாள்.

அவனைத் தாண்டிப் போனாள்.

அவள் தலையில் வைத்திருந்த பூவின் வாசனை மூக்கில் பட்டது. அவ்வளவு கிட்டத்தில். பக்கத்து வீட்டு வாசலில் நின்றாள். கதவு உள்ளேயிருந்து திறந்தது. ஒரு கை வெளியே நீண்டு பையை வாங்கிக்கொண்டது. குழந்தை, "அப்பா!" என்று கத்திக்கொண்டு உள்ளே ஓடினாள்.

கதவு சாத்திக்கொண்டது.

வீரன் ஓடினான். பூட்டு தொங்கியது. துருவேறி. சிலந்தி வலை கிழியாமல் இருந்தது. கிழித்தான். கதவை அறைந்தான். உதைத்தான்.

"அம்சா! நான் இங்க இருக்கேன்! அம்சா!"

உள்ளே அவள் குரல். "யாரோ தட்டுறாங்களா?"

"காத்து அடிக்குதும்மா. மழ வருதுல்ல."

அவன் குரல். அவன் குரலேதான். தெளிவாக, சளி இல்லாமல், பாதியில் நிற்காமல்.

தன் வீட்டுக்குள் ஓடினான். மேலே ஏறிப் பார்க்க மேசை வேண்டும். மேசை இருந்த இடத்தில் மேசை இல்லை. அந்தப் பக்கம் ஒரு மேசை தரையில் இழுபட்டது. தட்டு வைத்தார்கள். சோற்று வாசம். மழை தகரத்தில் இறங்கியது.

மண்ணெண்ணெய் டின். கவிழ்த்துப் போட்டான். ஏறினான். பலகை விளிம்பைப் பிடித்துத் தூக்கிக்கொண்டான். பார்த்தான்.

விளக்கு எரிந்துகொண்டிருந்தது. கழுவித் துடைத்த தரை. மேசையில் சோறு, குழம்பு, வறுத்த மீன். அம்சவள்ளி பரிமாறிக்கொண்டிருந்தாள். எதற்கோ சிரித்தாள். முதுகு காட்டி ஒரு ஆள் உட்கார்ந்திருந்தான். அகலமான, வலியில்லாத தோள். அவன் மடியில் தங்கமணி. அவன் மீனில் முள் எடுத்து, உருட்டி, அவள் வாயில் வைத்தான்.

பிள்ளை மென்றுகொண்டே நிமிர்ந்தாள். மென்றது நின்றது.

"அம்மா. மேல ஒரு ஆளு."

அம்சவள்ளி பார்த்தாள். நேராக. அவன் கண்ணுக்குள்ளேயே. "அங்க யாரும் இல்லியே கண்ணு" என்றாள். சொல்லிவிட்டு முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள்.

"அம்சா" என்றான் வீரன்.

பிள்ளை வீறிட்டு அழுதாள்.

"ஏங்க, அந்தச் சந்த அடைச்சிருங்களேன். புள்ள பயப்படுது."

"சரிம்மா."

அந்த ஆள் குழந்தையை இறக்கிவிட்டுக் கையைக் கழுவினான். மூலையில் பலகைகள் இருந்தன. சுத்தியல் இருந்தது. ஆணிகளை வாயில் கவ்விக்கொண்டு மேசைமேல் ஏறினான். வீரனுக்கு நேரெதிரே முகம் வந்தது. சவரம் செய்த முகம். சோப்பு வாசனை. கண் வெள்ளை வெளேரென்று இருந்தது. கோபம் இல்லை அதில். ஒன்றுமே இல்லை. ஓட்டையைப் பார்க்கிறவன் ஓட்டையைப் பார்க்கிற மாதிரிப் பார்த்தான்.

வீரன் விளிம்பைப் பிடித்திருந்தான். விடவில்லை. அந்த ஆள் அவன் விரல்களை ஒவ்வொன்றாக எடுத்துவிட்டான். நோகாமல். கை சூடாக இருந்தது.

முதல் பலகை ஏறியது. அடி. அடி.

வெளிச்சம் பாதியானது.

"அம்சா, நாந்தான்! அம்சா!"

அடி.

அடுத்த பலகை. கோடு போல மிஞ்சிய வெளிச்சத்தில் குழந்தையின் சிவப்புக் கவுன். அம்சவள்ளியின் கை அதைத் தட்டிக்கொடுத்தது. அழுகை அடங்கியது.

கடைசிப் பலகை.

இருட்டில் டின்மேல் நின்றபடி, உள்ளங்கைகளைப் பலகையில் பதித்திருந்தான் வீரன். அந்தப் பக்கம் சுத்தியல் நிதானமாக விழுந்துகொண்டிருந்தது. ஒவ்வொரு அடிக்கும் ஒரு ஆணி நுனி, குளிர்ந்து, கூர்மையாய், பலகையைத் துளைத்துக்கொண்டு அவன் விரல்களுக்கு நடுவே வெளியே வந்தது.